பழைய மைக்ரோசர்வர் ஜென்8: சின்ன அலுவலகத்துக்கு இன்னும் தாங்குமா?

எங்கள் அலுவலகத்தின் பொதுக் கோப்புகள் எல்லாம் ஒரு பழைய எச்பி ப்ரோலையன்ட் மைக்ரோசர்வர் ஜென்8 பெட்டியில்தான் இருக்கின்றன. 2013-ல் வெளிவந்த மாடல். அதை முழுக்கத் துடைத்துவிட்டு லினக்ஸும், விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிர்கிற சாம்பா என்ற மென்பொருளும் போட்டு, எல்லாருடைய விண்டோஸ் கணினியிலும் தெரிகிற மாதிரி செய்து, இன்றுவரை பார்த்துக்கொள்வதும் நான்தான். அதனால் இதை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து பேர் வேர்டு, எக்செல், பிடிஎஃப், ஸ்கேன் செய்த தாள்கள் என்று புழங்குகிற இடத்துக்கு இது இன்றைக்கும் நல்ல பெட்டி, தாராளமாக வாங்கலாம். இரும்பும் தகடும் உறுதியாகவே இருக்கின்றன. சிக்கல் வருவதெல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடுகளும் இன்றைய விண்டோஸும் முட்டிக்கொள்கிற இடத்தில்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலும் செலரான் ஜி1610டி அல்லது பென்டியம் ஜி2020டி ப்ராசசரோடு வரும், இரண்டுமே இரண்டு கோர்கள்தான். மூன்றரை அங்குல டிஸ்க் நான்கு மாட்டலாம், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றி மாட்ட முடியாது, நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கிகாபிட் நெட்வொர்க் போர்ட் இரண்டு, தொலைவிலிருந்து நிர்வகிக்க ஐலோ 4-க்குத் தனியாக ஒன்று. முன்கதவைத் திறந்தால் டார்க்ஸ் சாவி அங்கேயே செருகியிருக்கும், டிஸ்க் மாட்டுவதற்கு வேறு கருவி தேட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட சின்ன விஷயங்களைப் பார்க்கும்போது இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

மெமரி வாங்கும்போது ரொம்பக் கவனம். இரண்டு ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி, டிடிஆர்3 ஈசிசி (பிழையைத் தானே திருத்துகிற வகை), அதிலும் அன்பஃபர்டு வகை மட்டும்தான். பழைய சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கிற மெமரியில் பெரும்பகுதி ரெஜிஸ்டர்டு வகை, அதைப் போட்டால் பெட்டி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. லேபிளில் பிசி3-12800 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற எழுத்து 'இ'யா (E) 'ஆர்'ஆ (R) என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 'இ' தான் வேண்டும்.

அடுத்தது பூட், அதாவது பெட்டி எழுந்து தொடங்குவது. இந்தப் பெட்டியை வாங்குகிற ஒவ்வொருவரும் கட்டாயம் முட்டுகிற இடம் இது. நான்கு பெரிய டிஸ்க்கையும் தரவுக்கே ஒதுக்கிவிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மட்டும் ஒரு சின்ன எஸ்எஸ்டியை மேலே டிவிடி ட்ரைவுக்காக விட்டிருக்கிற ஐந்தாவது சாட்டா போர்ட்டில் மாட்டலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும், தோன்றவும் வேண்டும், அதுதான் நல்ல ஏற்பாடு. ஆனால் டிஸ்க்குகளைச் சேர்க்காமல் தனித்தனியாகவே காட்டுகிற ஏஎச்சிஐ முறையில் வைத்திருந்தால், கீழே டிஸ்க் இருக்கும்வரை பயாஸ் (பெட்டியை எழுப்புகிற அடிப்படை நிரல்) முதலில் அவற்றைத்தான் பார்க்கும், ஐந்தாவது போர்ட்டின் முறை வரவே வராது. எஃப்9 அழுத்தி உள்ளே போய் எவ்வளவு தேடினாலும் அந்த வரிசையை மாற்ற இடமில்லை. கீழே இருக்கிற டிஸ்க்கைக் கழற்றினால் எஸ்எஸ்டியிலிருந்து ஜம்மென்று எழும், திரும்ப மாட்டினால் கறுப்புத் திரை. எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுகிறவர்கள் உண்டு, பாவம், அதில் ஒரு கோளாறும் இருக்காது.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. மதர்போர்டிலேயே உள்ளுக்குள் ஒரு யூஎஸ்பி போர்ட்டும் மைக்ரோஎஸ்டி ஸ்லாட்டும் உண்டு. அதில் ஒரு சின்னப் பென்ட்ரைவைச் செருகி, சிஸ்டத்தை எழுப்பிவிடுகிற க்ரப் பூட்லோடரையும் பூட் பகுதியையும் மட்டும் அதில் வைத்துவிட்டால், பயாஸ் பென்ட்ரைவிலிருந்து தொடங்கும், மிச்ச சிஸ்டம் எஸ்எஸ்டியிலிருந்து ஏறும். நான் வைத்திருப்பது இந்த முறைதான். தொடங்கும்போதும் கெர்னல் அப்டேட் வரும்போதும் தவிர அந்தப் பென்ட்ரைவுக்கு வேலையே இல்லை, அதனால் சீக்கிரம் தேயாது. அதே மாதிரி இன்னொன்றை நகலெடுத்துப் பெட்டிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னொரு வழி, பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஆள்வதற்குப் பெட்டியோடு வருகிற பி120ஐ ரெய்டு முறையை இயக்கி, எஸ்எஸ்டியைத் தனி டிஸ்க் ரெய்டு 0 என்று அறிவித்து அதையே பூட் டிஸ்க்காகக் குறிப்பது. அதுவும் வேலை செய்யும், ஆனால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

ஏன் என்றால், அந்த பி120ஐ தனி ரெய்டு கார்டே கிடையாது. ப்ராசசரின் உழைப்பிலும் ட்ரைவரின் தயவிலும் ஓடுகிற சாஃப்ட்வேர் ரெய்டு. ரெய்டு 0, 1, 10 மட்டும்தான் தரும். லினக்ஸில் அதற்கான ட்ரைவர் மூல நிரல் திறக்கப்படாதது, குறிப்பிட்ட சில கெர்னல்களுக்கு மட்டுமே கிடைக்கும். நாளைக்கு மதர்போர்டு போய்விட்டால் அந்த டிஸ்க்குகளைப் படிக்க இதே குடும்பத்துப் பெட்டி இன்னொன்றைத் தேடி அலைய வேண்டும். மாறாக ஏஎச்சிஐ வைத்து லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டி-ஆட்மினிலோ இசட்எஃப்எஸ் கோப்பு முறையிலோ மிரர் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது) செய்தால், எந்த லினக்ஸ் கணினியில் வேண்டுமானாலும் டிஸ்க்கைச் செருகிக் கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். பதினைந்து பேருடைய வேலை அந்த டிஸ்க்கில் இருக்கிறது என்னும்போது எனக்கு வேறு யோசனையே வரவில்லை. ஒரு குறை மட்டும் உண்டு, ஏஎச்சிஐ முறையில் மின்விசிறி கொஞ்சம் வேகமாகச் சுற்றும். மேசைக்குப் பக்கத்தில் வைத்தால் காதில் விழும், அலமாரி ஓரத்தில் வைத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

விண்டோஸ் சர்வர்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ இதில் இல்லை, பழைய பயாஸ் மட்டும்தான், அதனால் விண்டோஸ் பூட் ஆகிற டிஸ்க்கில் 2 டிபிக்கு மேல் பயன்படாது. இந்தப் பெட்டிகளில் பல இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற சர்வர் 2012 ஆர்2-க்கு 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. அதை அப்படியே ஓட்டுவதை நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.

ஐலோ பற்றிப் பேசாமல் விட முடியாது. மானிட்டர் இல்லாமலே இன்னோர் அறையிலிருந்து பெட்டியை நிறுத்தலாம், எழுப்பலாம், வெப்பநிலை பார்க்கலாம், அருமையான வசதி. பழைய ஃபர்ம்வேரோடு (உள்ளேயே பதிந்திருக்கிற நிரல்) கைக்கு வந்தால் இன்றைய ப்ரௌசர் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மறுக்கலாம், அதன் பாதுகாப்பு முறை அவ்வளவு பழையது. அதைவிட முக்கியம், 2.53-க்கு முந்தைய ஃபர்ம்வேரில் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே புக விடுகிற ஓட்டை ஒன்று 2017-ல் வெளியானது. ஆகவே வந்தவுடன் முதல் வேலை ஐலோ ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது. ப்ரௌசர் திறக்காவிட்டால் லினக்ஸுக்குள்ளிருந்தே ஏற்ற வழி இருக்கிறது. புதுப்பித்த பிறகும் அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், அலுவலகத்துக்குள் மட்டும் இருக்கட்டும்.

சரி, பெட்டி எழுந்தது, சாம்பாவும் போட்டாயிற்று, விண்டோஸ் கணினியில் போய்த் தேடினால் சர்வரைக் காணோம். பழைய காலத்தில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தாலே எல்லாக் கணினியும் வரிசையாகத் தெரியும், அது விண்டோஸ் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பியின் பழைய பதிப்பு, எஸ்எம்பி1, செய்த வேலை. 2017-ல் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் அந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் புகுந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை, சாம்பாவும் 2019-ல் 4.11 பதிப்பில் அதை அணைத்துவிட்டது. இணையத்தில் தேடினால் 'எஸ்எம்பி1-ஐத் திரும்ப இயக்கு' என்று சொல்கிற குறிப்புதான் முதலில் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். சர்வரில் டபிள்யூஎஸ்டிடி என்ற சின்ன சர்வீஸைப் போட்டால் போதும், பெயர் நெட்வொர்க் பக்கத்தில் வந்துவிடும். அல்லது ஒவ்வொரு கணினியிலும் ஒரு தடவை நெட்வொர்க் ட்ரைவாக மேப் செய்துவிடுங்கள், பிறகு அந்தப் பக்கத்துக்குப் போகிற தேவையே இராது.

கடவுச்சொல் இல்லாமல் எல்லாருக்கும் திறந்த ஃபோல்டர் வைக்கிற பழக்கமும் இனி ஒத்துவராது. விண்டோஸ் 11-ன் 24எச்2 ப்ரோ பதிப்பு அந்த மாதிரி கெஸ்ட் நுழைவை மறுத்துவிடுகிறது, தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதி செய்கிற எஸ்எம்பி கையொப்பத்தையும் கட்டாயமாகக் கேட்கிறது. கெஸ்ட் பிரச்சினைக்கு ஆளுக்கொரு கணக்கு திறந்துவிடுவதுதான் தீர்வு, எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் அது. கையொப்பத்தில்தான் இந்தப் பெட்டியின் வயது தெரிகிறது. செலரானிலும் பென்டியத்திலும் ஏஇஎஸ் என்ற குறியாக்கக் கணக்கை வன்பொருளிலேயே போடுகிற வசதி கிடையாது, கையொப்பமோ ஏஇஎஸ்ஸை நம்பியது, அதனால் பெரிய கோப்பு நகலெடுக்கும்போது ப்ராசசர் மூச்சு வாங்கும். எக்செல், வேர்டுக்கு இது தெரியவே தெரியாது. வீடியோ, பெரிய வரைபடங்கள் என்று புழங்குகிற அலுவலகமாக இருந்தால், அதே சாக்கெட்டில் உட்காருகிற ஜியான் இ3-1220எல் வி2 கிடைக்கிறதா என்று பாருங்கள். அதில் ஏஇஎஸ் உண்டு, 17 வாட்தான், சூடும் ஏறாது.

கணக்கு திறந்தவுடன் வருகிற அடுத்த புகார், 'அவர் போட்ட கோப்பை என்னால் சேமிக்க முடியவில்லை' என்பதாக இருக்கும். லினக்ஸில் கோப்பு உருவாக்கியவருக்கே சொந்தம், அதனால்தான். எல்லாரையும் ஒரே குழுவில் சேர்த்து, சாம்பா அமைப்பில் ஃபோர்ஸ் குரூப், க்ரியேட் மாஸ்க் 0660, டைரக்டரி மாஸ்க் 2770 என்று வைத்தால் புகார் நின்றுவிடும். ஏற்கெனவே இருக்கிற கோப்புகளுக்கு ஒரு தடவை கையால் உரிமையை மாற்றிவிட வேண்டும், அதை மறந்தால் பழைய ஃபோல்டரில் மட்டும் புகார் தொடரும். இன்னொன்று, ஒரே கணினியில் ஒருவர் தன் கணக்கிலும் மேலாளர் கணக்கிலும் மாற்றி மாற்றி நுழையப் பார்த்தால் விண்டோஸ் விடாது. ஒரு சர்வருக்கு ஒரு நேரத்தில் ஒரு பெயர்தான் என்று அடம்பிடிக்கும். கமாண்ட் ப்ராம்ப்டில் நெட் யூஸ் மூலம் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக நுழைய வேண்டும்.

வேகம் பற்றி ஒரு சம்பவம். ஒரு நாள் காலையிலிருந்தே எல்லாருக்கும் சர்வர் இழுக்க ஆரம்பித்தது. டிஸ்க்தான் போகிறது என்று அலுவலகமே முடிவு கட்டிவிட்டது, பெட்டியே பழசு, மாற்றிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. நகலெடுக்கும் வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு 11 எம்பி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. டிஸ்க் கெட்டால் வேகம் தாறுமாறாக ஏறி இறங்கும், இப்படி ஒரே எண்ணில் நிற்காது. நெட்வொர்க் இணைப்பின் நிலையைக் காட்டுகிற ஈத்டூல் ஓட்டினேன், ஸ்பீட் என்ற வரியில் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100. முந்தைய மாலை யாரோ அலமாரியைச் சுவரோடு தள்ளியிருக்கிறார்கள், நெட்வொர்க் கேபிள் இடையில் மாட்டி மடிந்து நசுங்கியிருந்தது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும், மற்ற இரண்டில் ஒரு ஜோடி அறுந்தால் இணைப்பு செத்துவிடாமல் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். கேபிளை மாற்றியதும் விண்டோஸ் 10 கணினிகளில் வேகம் 110-ஐத் தொட்டது. பெட்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

டிஸ்க்கின் நிலையைப் பார்ப்பதற்கு, அது தானே பதிந்து வைக்கிற ஸ்மார்ட் எண்கள் இருக்கின்றன. அதில் 5-ம் எண் மாற்றப்பட்ட செக்டர்கள், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 197 பூஜ்யத்தைத் தாண்டிவிட்டால் நான் காத்திருக்க மாட்டேன், புது டிஸ்க் வாங்கிவிடுவேன். 199 ஏறினால் அது பெரும்பாலும் இணைப்பில் இருக்கிற கோளாறு, டிஸ்க்கைக் கழற்றி அழுத்தி மாட்டிப் பாருங்கள். புது டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவது) என்று பார்த்து, அதைத் தவிர்த்து வாங்குங்கள், மிரரைத் திரும்பக் கட்டும்போது அது உயிரை வாங்கும். வாராவாரம் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் முழு நகல் எடுத்து அலுவலகத்துக்கு வெளியே வைக்கிறோம். ஏனென்றால் மிரர் டிஸ்க் கெடுவதிலிருந்துதான் காப்பாற்றும், யாராவது ஃபோல்டரையே அழித்துவிட்டால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து, அதைச் சாம்பாவின் ஷேடோ காப்பி வசதியோடு இணைத்தால், விண்டோஸில் ரைட் க்ளிக் செய்து முந்தைய பதிப்பை அவரவரே எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வசதியைக் காட்டியபோதுதான் எங்கள் அக்கவுன்ட்ஸ் அக்காவுக்குச் சர்வர் மேல் நம்பிக்கையே வந்தது.

பழையதாக வாங்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். தேதி தவறாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும், ஆனால் மாற்றாமல் விடாதீர்கள், தேதி தப்பாக இருந்தால் அப்டேட் இறங்காது, கணக்குகளை ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கிற டொமைனில் இருந்தால் லாகினும் நின்றுவிடும். ஐலோ கடவுச்சொல் எழுதிய அட்டை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பூட் ஆகும்போது எஃப்8 அழுத்தி உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம். மெயின் பயாஸ் அப்டேட்டை மட்டும் 2014-ல் வாரன்டியோ சப்போர்ட் ஒப்பந்தமோ இருப்பவர்களுக்குத்தான் என்று எச்பி ஆக்கிவிட்டது, ஆகவே விற்பவரிடம் கடைசிப் பதிப்பு ஏறியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பவர் சப்ளை 150 வாட், சின்ன அளவு, மேசைக் கணினியிலிருந்து கழற்றியது உள்ளே நுழையாது. அது மட்டும் கூடுதலாக ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் கூடவே வாங்கி வைத்துவிடுங்கள்.