நிலாவெளியிலிருந்து புறாமலைக்கு: குடும்பத்துக்கென்று ஒரு தனிப் படகு

திருகோணமலை நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலாவெளிக் கடற்கரையில் நின்று பார்த்தால், ஒரு கிலோமீற்றர் அளவு கடலுக்குள் பாறைகள் அடுக்கிய தீவொன்றும் அதனருகே இன்னொரு சிறு தீவும் தெரியும். ஊரார் புறாமலை என்றும், அரச பதிவுகள் புறாத்தீவு தேசியப் பூங்கா என்றும் குறிப்பிடும் அந்த இடத்துக்குக் கடந்த ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் தனிப் படகு பேசிச் சென்று வந்தோம். நானும் மனைவியும், மனைவியின் தங்கை, 68 வயதான அம்மா, 12 வயது மகள், 7 வயது மகன் என்பதே எங்கள் குழு. அந்தப் படகுச் சேவை எப்படியிருந்தது, தனிப் படகுக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்துக்கு ஈடாக ஒரு குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை எழுத விரும்புகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இதே தீவுக்கு வேறோர் ஏற்பாட்டாளரின் பொதுப் படகில், முன்பின் அறியாத இரண்டு குடும்பங்களோடு சேர்ந்து போயிருந்தோம். தீவில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். அப்போது 5 வயதாயிருந்த மகன், நீருக்குள் பார்ப்பதற்காக அணியும் முகக்கண்ணாடியை மாட்டியதும் மூச்சு முட்டுகிறது என்று அழுதான்; அழுகை ஓய்ந்து, இன்னொரு தடவை முயல்கிறேன் என்று அவனே சொன்ன வேளையில் படகோட்டி எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். அம்மா அந்த ஒரு மணி நேரமும் பாறை நிழலில் எங்கள் பைகளுக்குக் காவலிருந்துவிட்டுத் திரும்பினார். அந்தப் பயணத்தில் யாரும் எங்களை ஏமாற்றவில்லை. ஆனால் பொதுப் படகின் நேரம் நன்றாக நீந்தத் தெரிந்தவரின் வேகத்துக்கு வகுக்கப்பட்டிருந்தது. குழந்தையும் முதியவரும் உள்ள குடும்பத்துக்கு அது போதவில்லை.

இம்முறை, நிலாவெளியில் விடுதி நடத்தும் உறவினர் ஒருவர் மூலம் அறிமுகமான படகுக்காரரிடம் முதல்நாள் மாலை தொலைபேசியில் பேசினேன். விலையைச் சொல்வதற்கு முன்னர் அவர் கேட்ட கேள்விகளே எனக்கு நம்பிக்கையைத் தந்தன. எத்தனை பேர், யார் யாருக்கு நீந்தத் தெரியும், பிள்ளைகளின் வயது என்ன, யாருக்காவது இழுப்போ நெஞ்சு வருத்தமோ உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, காலை ஆறரை மணிக்குக் கரைக்கு வந்துவிட வேண்டும் என்றார். கொஞ்சம் பிந்தி வரலாமா என்று கேட்டேன். “பத்து மணிக்குப் பிறகு அங்க மீனைப் பார்க்க ஏலாது தம்பி, ஆக்களைத்தான் பார்க்கலாம்” என்று பதில் வந்தது. அவர் சொன்னது முழு உண்மை என்பதை மறுநாள் கண்ணால் கண்டோம்.

படகுக் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படவில்லை. முழுப் படகுக்கும் ஒரே தொகை. வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு இதில் அடங்காது என்பதை அவர் தொலைபேசியிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார். கரையிலுள்ள திணைக்களக் கூடத்தில் அந்தச் சீட்டை நாமே வாங்க வேண்டும். நுழைவுக் கட்டணத்தோடு சேவைக் கட்டணமும் வரியும் சேரும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அது உள்நாட்டவரின் கட்டணத்தைவிடப் பல மடங்கு என்பதால், கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினரை அழைத்துச் செல்பவர்கள் படகுக்கூலியையும் சீட்டையும் தனித்தனியாகக் கேட்டறிந்த பின்னரே மொத்தச் செலவைக் கணக்கிட வேண்டும்.

படகு வழமையான கண்ணாடியிழைப் படகுதான்: வெளியிணைப்பு இயந்திரம், குறுக்கே பலகை இருக்கைகள், மேலே துணிக் கூரை. மணலில் நிற்கும்போதே உயிர்காப்பு அங்கிகளை அணியச் செய்து, ஒவ்வொரு கொளுவியையும் தானே இழுத்துப் பார்த்தார். பத்து, பதினைந்து நிமிடத்தில் தீவை அடைந்தோம். கரைக்குச் சற்றுத் தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்தித் தூக்கிவிட்டு, கோலால் தாங்கி மெதுவாகக் கரைதட்டினார்கள். இயந்திரத்தின் விசிறி முருகைக் கல்லில், அதாவது பவளப்பாறையில், பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறோம் என்று உதவிக்கு வந்த இளைஞர் மகளுக்கு விளக்கினார். நாங்கள் போனபோது அங்கே ஒரேயொரு படகு மட்டும் நின்றது.

புறாமலை என்ற பெயர் அங்குள்ள பாறைகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பயன்பட்ட இடம், 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1998 இல் கடல்நீர் வெப்பமேறி இலங்கையின் தென்கரையிலும் மேற்குக் கரையிலும் முருகைகள் பெருமளவில் வெளிறி இறந்தபோது, திருகோணமலைப் பகுதியின் முருகைகள் பேரழிவிலிருந்து தப்பின. கரையிலிருந்து சில அடி நடந்து, இடுப்பளவு நீரில் முகத்தை அமிழ்த்தினாலே உயிருள்ள முருகைத் தோட்டம் தெரியும் நிலை இன்றும் அங்கே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது அடுத்த முக்கால் மணி நேரத்தை. யாரையும் ஆழத்துக்கு அழைத்துச் செல்லாமல், முழங்காலளவு நீரில் மணலில் எங்களை வட்டமாக உட்காரவைத்துப் படகுக்காரர் பாடம் தொடங்கினார். கண்ணாடியின் உட்பக்கத்தில் சிறிது உமிழ்நீர் தடவிக் கழுவினால் ஆவி படியாது. நெற்றிமுடி ஒன்றுகூட இறப்பர் விளிம்புக்குள் அகப்படக் கூடாது, அகப்பட்டால் அவ்வழியே நீர் கசியும். வாரை இறுக்க இறுக்கக் கசிவு நிற்கும் என்று நினைப்பது தவறு, அளவோடு பொருந்தினால் போதும். வாயில் கவ்வும் மூச்சுக் குழாய்க்குள் நீர் புகுந்தால் தலையைத் தூக்கிப் பதறாமல், “தூ” என்று ஒரேயடியாக ஊதித் தள்ள வேண்டும். இவற்றையெல்லாம் அவர் செய்துகாட்ட, நாங்கள் ஒவ்வொருவராகச் செய்தோம். மகனுக்கு முதலில் கண்ணாடியைத் தரவேயில்லை. வெறும் குழாயை வாயில் வைத்துக் கரையில் நடந்து திரியச் சொன்னார். பிறகு கண்ணாடியை மட்டும் அணிந்து கையளவு நீரில் தன் கால்விரல்களைப் பார்க்கச் சொன்னார். இரண்டையும் சேர்த்து அணிய அவன் தானாகக் கேட்டபோதுதான் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளாக அந்தக் கண்ணாடியின் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்த பிள்ளை, அன்று எட்டு மணிக்குள் நீரில் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தான். அவசரப்படுத்த வேறு பயணிகள் இல்லாத படகில்தான் இது நடக்க முடியும்.

நீருக்குள் கண்டவற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மான்கொம்பு போலக் கிளைத்த முருகைகளும், மேசைபோல விரிந்தவையும், மூளையின் மடிப்புகளைப் போன்ற உருண்டைகளும் பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றுக்கிடையே மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன்கள் சோடி சோடியாகத் திரிந்தன. கிளிமீன்கள் அலகுபோன்ற பற்களால் கல்லைச் சுரண்டும் “கறுக் கறுக்” ஓசை காதுக்குத் தெளிவாகக் கேட்டது. அப்படி அரைத்து விழுங்கிய சுண்ணாம்பைத்தான் அவை பின்னர் வெண்மணலாக வெளியேற்றுகின்றன என்று அறிந்தபோது, மகள் கரைக்கு வந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்தவர். ஆயினும் வாழ்நாளில் இடுப்பளவுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றே நாங்கள் இருந்தோம். படகுக்காரர் உயிர்காப்பு வளையமொன்றைக் கொண்டுவந்து, “அம்மா, நீங்கள் நீந்தத் தேவையில்லை, இதைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு பார்த்தால் போதும், நான் இழுத்துக்கொண்டு போறன்” என்றார். உயிர்காப்பு அங்கியும் வளையமுமாக அம்மாவை இருபது நிமிடம் அந்த முருகைத் தோட்டத்தின் ஓரமாக மெல்ல இழுத்துச் சென்றார். நான் பக்கத்தில் நீந்தினேன். ஓரா மீன் கூட்டமொன்று கடந்தபோது அம்மா தலையைத் தூக்கி, “சந்தையில பாத்த மீனெல்லாம் இஞ்ச உயிரோட நிக்குது மோனை” என்றார். அன்றைய கூலி முழுவதும் அந்த இருபது நிமிடத்துக்கே தகும் என்பது என் கருத்து.

பின்னர் தீவின் குறுக்கே நடந்து மறுபக்கக் கரைக்குப் போனோம். செட்டை நுனிகளில் கறுப்புத் திட்டுள்ள சுறாக்கள் அப்பக்கத்து ஆழமற்ற நீரில் காலை வேளையில் உலாவுகின்றன. ஒன்றரை மீற்றர் அளவில் வளரும் அவை கூச்சமுள்ளவை. நாம் கால்களை அடித்து நீரைக் கலக்கினால் விலகிப் போய்விடும். அசையாமல் மிதந்த எங்களுக்கு மூன்று தென்பட்டன. பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் நீண்ட நேரம் விடக் கூடாது என்று படகுக்காரர் உறுதியாக இருந்தார். அந்தப் பருவத்தில் முற்பகலுக்குப் பின் நிலத்திலிருந்து கச்சான் காற்று எழும்பினால், நிலத்தை நோக்கிய கரையில் நீர் அலைந்து கலங்கும். மறுபக்கத்திலோ மேற்பரப்பு அமைதியாகத் தெரியும், ஆனால் மிதப்பவரைக் காற்று மெல்ல மெல்ல வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். இந்த விளக்கத்தை முந்திய பயணத்தில் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இம்முறை உதவியாளர் முழு நேரமும் எங்களுக்கு வெளிப்புறமாக நீந்திக்கொண்டேயிருந்தார்.

பத்து மணியளவில் படகுகள் வரிசையாக வரத் தொடங்கின. அதன் பின்னர் கண்ட காட்சி என்னை மிகவும் வருத்தியது. நீந்தத் தெரியாமல், எவராலும் பயிற்றப்படாமல் இறக்கிவிடப்பட்டவர்கள் தடுமாறும்போது கால் எட்டிய இடத்தில் ஊன்றி நிற்கிறார்கள். அவர்கள் ஊன்றி நிற்பது முருகையின் மேல். முருகை பார்வைக்குக் கல்லானாலும், ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் கூடி வாழும் உடல் அது. கிளைவகைகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வளரும், உருண்டை வகைகள் அதைவிட மெதுவாகவே வளரும். 2009 இல் போர் முடிந்த பின்னர் இத்தீவுக்கு வருவோர் தொகை பெருகியதிலிருந்து இந்த மிதிபாடும் பெருகியிருக்கிறது. கரையெங்கும் குவிந்துகிடக்கும் வெண்ணிற முருகைத் துண்டுகளில் ஒரு பகுதி அலைகள் கொண்டுவந்தது, இன்னொரு பகுதி நம் கால்களுக்கடியில் உடைந்தது. எங்கள் படகுக்காரர் முதற்பாடத்திலேயே, களைத்தால் நிற்காதே, மல்லாந்து மிதந்து கையைத் தூக்கு என்று பழக்கியிருந்தார். பக்கத்துப் படகிலிருந்து வந்த ஓர் இளைஞர் முருகையின் மேல் ஏறி நின்றபோது, இவர் நீந்திப் போய்ப் பணிவாகக் கையைக் கொடுத்து மணற்பகுதிக்கு அழைத்து வந்தார். தன் கூலிக்கு அப்பாற்பட்ட வேலையை அவர் செய்ததைப் பார்த்தபோது, இனிப் படகு பேசும் எவருக்கும் இவரையே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

குறைகளும் உண்டு. உயிர்காப்பு அங்கிகளில் சிறுவர் அளவு ஒன்றுதான் இருந்தது. அதை மகனுக்குக் கொடுத்தபின், மெலிந்த உடலுள்ள மகளுக்குப் பெரியவர்களின் அங்கியைக் கயிற்றால் கட்டி அளவாக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பில் இப்படிப்பட்ட ஒட்டுவேலை ஏற்கத்தக்கதன்று, இதை அவரிடமே நேரில் சொன்னேன். முகக்கண்ணாடிகளில் இரண்டின் விளிம்பு இறப்பர் பழுதாகிக் கசிந்தது. மனைவி மூன்று தடவை மாற்றிய பின்னரே ஒன்று பொருந்தியது. படகில் ஏணி இல்லை. முழங்காலளவு நீரிலிருந்து அம்மாவை ஏற்ற ஒரு பிளாஸ்டிக் முக்காலியை வைத்து இருவர் தாங்க வேண்டியிருந்தது. மூட்டு வருத்தம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். குடிநீர் தருவதாகச் சொன்னார்கள், தந்தது ஆறு பேருக்குப் போதவில்லை. தீவில் கடை எதுவும் இல்லை, நிழலும் குறைவு. வெயில் காப்புக் களிம்புக்குப் பதிலாக முழுக்கைச் சட்டையையும் தொப்பியையும் பரிந்துரைத்தார்கள். சில களிம்புகளிலுள்ள இரசாயனங்கள் முருகைக்குத் தீங்கானவை என்பதால் அதனை நான் வரவேற்கிறேன், ஆனால் முதல்நாளே சொல்லியிருந்தால் எங்களில் இருவருக்கு முதுகு எரிந்திராது.

ஏறத்தாழ நான்கு மணி நேரம் எங்களோடு இருந்த படகுக்கு, பொதுப் படகில் ஆறு பேருக்கும் ஆகியிருக்கக்கூடிய தொகையைவிடக் கூடுதலாகவே கொடுத்தோம். இரண்டு பேராகச் செல்பவர்களுக்கு அது பெருஞ்செலவு. நீந்தத் தெரிந்த இளையோருக்குப் பொதுப் படகே போதும், காலையில் முதற்படகைப் பிடித்தால் சரி. ஐந்தாறு பேராகச் சிறுபிள்ளையோடும் முதியவரோடும் செல்லும் குடும்பத்துக்குத்தான் தனிப் படகை வற்புறுத்திச் சொல்வேன். திரும்பும் வழியில் ஆழ்கடலுக்குப் போய் டொல்பின் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, காற்று எழும்பிவிட்டது, பிள்ளைகளோடு வேண்டாம் என்று மறுத்தார். மேலதிகக் கூலி கிடைக்கும் வாய்ப்பைத் தானாகவே விட்டவர் அவர்.

காலத்தைப் பற்றி ஒன்று: சித்திரைக்குப் பின்னர் புரட்டாதி வரையே இக்கடல் இப்படித் தெளிந்து கிடக்கும். மாரியில் வாடை வீசத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், நீரும் கலங்கிவிடும். அந்நாட்களில் எவராவது கூட்டிப்போகிறேன் என்றாலும் ஏற வேண்டாம்.

அடுத்த ஆண்டும் அதே படகில் போவதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பொருந்தும் முகக்கண்ணாடிகளையும் மகளின் அளவுக்கு ஓர் உயிர்காப்பு அங்கியையும் வவுனியாவிலிருந்தே வாங்கிக்கொண்டு போவோம். அம்மா ஆறு மணிக்கே கரையில் நிற்க வேண்டும் என்கிறார்.