வெள்ளியா, வோல்தமா? இரண்டு பூட்டன்மாரின் மணிக்கூடுகள்

அம்மா இறந்து அந்திரட்டிச் சடங்கு முடிந்து அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது இரண்டு பொக்கற் மணிக்கூடுகள் கிடைத்தன. ஒன்று அப்பா வழிப் பூட்டனுடையது. இங்கிலாந்தில் செய்த வெள்ளி மணிக்கூடு, சாவி போட்டு முறுக்குவது. மற்றது அம்மா வழிப் பூட்டன் மலாயா ரயில்வேயில் வேலை செய்து பென்சனோடு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த அமெரிக்க வோல்தம். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, “தம்பி, எது பெறுமதியானது என்று நீ விசாரித்துப் பார்த்து ஒன்றை எடு, மற்றது எனக்கு” என்று சொல்லிவிட்டார். விசாரிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. நான் எடுத்தது வோல்தம்.

உறவினர்களின் கணக்கு முதலில் உலோகத்தில்தான் நின்றது. வோல்தத்தின் மூடி மஞ்சளாக மின்னியதால் அது தங்கம் என்றார் சித்தப்பா. யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் ஒரு பத்தர் அதன் விளிம்பை உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினார். மூடியின் உட்புறத்தில் நிலாப்பிறை முத்திரையோடு ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை உருப்பெருக்கியால் படித்தபோது விடயம் தெளிவாயிற்று: இரண்டு தங்கத் தகடுகள், நடுவே கலப்பு உலோகம், 20 ஆண்டு உழைக்கும் என்ற உத்தரவாதம். பேர்மிங்ஹாமில் டெனிசன் நிறுவனம் செய்த மூடி அது. பழைய மணிக்கூட்டில் இப்படி ஆண்டு உத்தரவாதம் பொறித்திருந்தால் அது முழுத் தங்கமன்று. இது தெரிந்தவுடன் எல்லோரும் வெள்ளியின் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

வெள்ளி மூடியைத் தனியாகக் கழற்றி நிறுத்தபோது 62 கிராம் இருந்தது. இங்கிலாந்து முத்திரை வெள்ளி ஆயிரத்துக்கு 925 பங்கு என்பதால் சுத்த வெள்ளி ஏறக்குறைய 57 கிராம். அதற்குக் கீழே அதன் விலை இறங்காது, அவ்வளவுதான். சேகரிப்பவர் கொடுக்கும் விலை உலோகத்தின் எடையைப் பார்த்து வருவதில்லை.

இரண்டும் ஓடவில்லை. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் அம்மா இரண்டையும் ஒரே துணியில் முடிந்து கொடிகாமம் வரை கொண்டுபோனார். அந்த நெரிசலில் ஒன்றோடொன்று இடித்திருக்க வேண்டும். பட்டணத்தில் நாற்பது வருடமாக மணிக்கூடு திருத்தும் ஐயா ஒருவர் இரண்டையும் திறந்து, ஒரே நோய் என்றார்: இங்கும் அங்கும் ஆடி மணிக்கூட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை முறிந்திருக்கிறது. அந்த முனை மயிரிழை அளவுதான் இருக்கும். கையைத் தவறி விழுந்தால் முதலில் போவது அதுதான்.

நோய் ஒன்றானாலும் வைத்தியம் ஒன்றில்லை. என் முடிவு முழுக்க முழுக்க இந்த இடத்தில்தான் நிற்கிறது.

இங்கிலாந்து மணிக்கூட்டுத் தொழில் பல கைகளில் பிரிந்து கிடந்தது. பிரெஸ்கொட் என்ற ஊரில் இயந்திரத்தின் கரட்டு வடிவம் செய்வார்கள். கொவென்றியிலோ லிவர்பூலிலோ லண்டனிலோ அதை அராவிப் பொருத்தி முடிப்பார்கள். ஒவ்வொரு உறுப்பும் தான் சேர வேண்டிய மணிக்கூட்டுக்கென்றே அராவப்பட்டது. அதே கடைக்காரரின் பெயரைத் தாங்கிய இன்னொரு மணிக்கூட்டின் அச்சைக் கழற்றிப் போட்டாலும் பொருந்தாது. புதிய அச்சைக் கடைசல் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். “அந்தக் கடைசல் மெஷின் என்னிடம் இருக்கிறது. என் கண்தான் இப்போது அதற்குப் போதாது” என்றார் ஐயா. அந்த வேலையைப் பொறுப்பேற்க ஆள் தேடிக் கொழும்பு வரை கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் மறுத்தார்கள். ஒருவர் மணிக்கூட்டின் விலையை விட அதிகமாகக் கூலி கேட்டார்.

வோல்தத்தின் கதை வேறு. மாசாசூசெற்ஸ் மாநிலத்தில் 1850இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் நோக்கமே ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடிய உறுப்புகளை இயந்திரத்தில் செய்வதுதான். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆரன் டெனிசனுக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கித் தொழிற்சாலை. எந்தத் துப்பாக்கியின் உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்துமானால் மணிக்கூட்டுக்கும் அது ஏன் முடியாது என்று அவர் நினைத்தார். பின்னாளில் பேர்மிங்ஹாமுக்குப் போய் மூடி செய்யும் தொழிலைத் தொடங்கியவரும் அவரேதான். பூட்டனின் மணிக்கூட்டில் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே மனிதரின் இரண்டு முயற்சிகள் என்று அறிந்தபோது அதன்மேல் எனக்கு இருந்த பிரியம் இரட்டித்தது.

பின்மூடியைத் திறந்து இயந்திரத்தின் மேல் பொறித்த வரிசை எண்ணைப் பார்த்தோம். மூடியில் இருக்கும் எண் வேறு, அது மூடி செய்தவரின் எண். இயந்திரத்தின் எண் ஒரு கோடியே எழுபது லட்சத்தைத் தாண்டியது. அதைக் கொண்டு தேடினால் 1908ஐ ஒட்டிய காலம், 16ஆம் அளவு, 1899 மாடல், பார்ட்லெட் என்று பெயரிட்ட தரம் என்று எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த மாடலுக்கான அச்சை அக்கா கனடாவில் பழைய உறுப்பு விற்பவர் ஒருவரிடம் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் சிறு குப்பியில் கொடுத்துவிட்டார். நூற்றுப் பதினைந்து வருடம் கழித்து வந்த அச்சு, ஐயா பொருத்திய அன்றே சரியாகப் பொருந்திவிட்டது. பேலன்ஸ் சக்கரம் ஒரு தரம் தயங்கி, பிறகு வீச்சாக ஆடத் தொடங்கியபோது ஐயா அதைத் தூக்கி என் காதில் வைத்தார்.

ஓடும் மணிக்கூட்டுக்கும் ஓடாததற்கும் சந்தையில் பெரிய இடைவெளி இருக்கிறது. திருத்தக்கூடியது என்ற உறுதி தரும் இடைவெளி இன்னும் பெரியது. இனி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி எண்ணெய் இட வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் அதைத் தள்ளிப்போடக்கூடாது. ஆனால் எது முறிந்தாலும் மாற்று உண்டு.

வெள்ளி மணிக்கூட்டுக்கு இன்னொரு குறை நம் வீட்டிலேயே நேர்ந்தது. அப்பம்மா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் முன்பு திருநீறு போட்டு அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். அதை அன்போடு செய்தார். அந்தத் தேய்ப்பில் உள்மூடி முத்திரைகள் கரைந்தன. பேர்மிங்ஹாமில் சோதித்ததைக் காட்டும் நங்கூரம் மங்கலாகத் தெரிகிறது, வெள்ளியின் தரத்தைக் காட்டும் சிங்கத்துக்கு உடல் மட்டும் மிச்சம், ஆண்டைக் காட்டும் எழுத்து முற்றாகப் போய்விட்டது. அந்த எழுத்து இருந்திருந்தால் ஆண்டைத் துல்லியமாகச் சொல்லியிருக்கலாம். இப்போது சாவி போடும் துளையையும் உள்ளே இருக்கும் சிறு சங்கிலியையும் வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டு என்றுதான் சொல்ல முடிகிறது. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் திருநீறு, புளி, பிரஸோ என்ற உலோகப் பொலிஷ் எதையும் அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய எண்கள் தெரிந்தால் அதையும் அழிக்க வேண்டாம். அவை பழைய திருத்துநர்கள் வைத்த அடையாளங்கள். வோல்தத்தில் அப்படி மூன்று இருக்கின்றன.

வெள்ளியைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று தோன்றினால் இதையும் சொல்ல வேண்டும். அதன் உள்ளே முறுக்கு விசையைச் சமப்படுத்தும் அந்தச் சங்கிலி, சைக்கிள் செயினைக் குன்றிமணி அளவுக்குச் சுருக்கியது போன்ற அழகு. பேர் பெற்ற லண்டன் தயாரிப்பாளரின் கையெழுத்து இருந்து, முத்திரைகளும் தேயாமல் இருந்தால் அது வோல்தத்தை எளிதில் தாண்டிவிடும். நம்முடையதில் இருப்பது கடைக்காரரின் பெயர். வோல்தமோ அரிய பொருளே அன்று, அந்த நிறுவனம் செய்தவை மூன்று கோடிக்கு மேல். விற்றால் சில நூறு பவுண்ஸுக்குள்தான் நிற்கும். விற்பவர் கேட்கும் விலையை நம்பாமல், ஏலத்தில் உண்மையில் விற்றுப்போன விலைகளை மட்டும் பார்த்து இதைச் சொல்கிறேன். முழுத் தங்க மூடி போட்டவை என் கைக்கு வந்ததில்லை, அவற்றுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

மலாயாத் தொடர்பு விலையைக் கூட்டுமா என்று அக்கா கேட்டார். பூட்டன் கோட் போட்டு நிற்கும் ஒரு படம் இருக்கிறது. மார்பில் சங்கிலி வளைந்து பைக்குள் போகிறது, மணிக்கூடு தெரியவில்லை. சேகரிப்பவர் அதைச் சான்றாக ஏற்பாரா என்பது சந்தேகமே. படத்தின் பிரதி ஒன்றையும், வரிசை எண்ணும் அச்சு மாற்றிய திகதியும் எழுதிய தாளையும் மணிக்கூட்டுடன் ஒரே தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வெள்ளியை அக்கா ஆவணியில் வந்து எடுத்துப் போகிறார். அதற்குப் பொருந்தும் சாவியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.