22 மாதம், ஒரு ‘டிக்’ சத்தம்: என் டாட்டூ பென் மெஷின்

நேற்று பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். டாட்டூ போட ஆரம்பித்து ஒரு வருடம் இருக்கும். “அண்ணா, நீங்க வச்சிருக்கிற வயர்லெஸ் பென் விலை இறங்கிருச்சுங்கண்ணா. வாங்கிக்கட்டுங்களா?” என்றான். கேட்க வேறு நாளே கிடைக்கவில்லை அவனுக்கு. அன்று காலையில்தான் அதே மெஷினை ரிப்பேர் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தேன். போனில் ஏதோ கத்திவிட்டேன். அவன் மேல் என்ன தப்பு? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். ஸ்ட்ரோக் (ஊசி ஏறி இறங்கும் தூரம்), பேட்டரி, எடை எல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கும், அதையும் விட்டுவிடுகிறேன்.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், திட்ட ஆரம்பித்தால் மறந்துவிடும். எட்டு வருடம் காயில் மெஷின், அதாவது மின்காந்தச் சுருளால் ஊசியை ஆட்டுகிற பழைய வகை, பிடித்தவன் நான். கையில் சுற்றும் வயர், காலடியில் ஃபுட் சுவிட்ச், காதுக்குள் குளவி. மூன்று மணி நேர வேலை முடிந்தால் காபி டம்ளரைத் தூக்க மணிக்கட்டு வராது. பென் வந்த பிறகு அந்த நோவு போனது. சத்தம் இல்லாததால் பயந்துகொண்டே வரும் கல்லூரிப் பிள்ளைகள் கையை வெடுக்கென்று இழுப்பதில்லை. விலா ஓரத்தில் வேலை செய்யும்போது வயர் குறுக்கே விழுந்து ஸ்டென்சிலை (தோலில் ஒட்டி எடுத்த மாதிரிக் கோட்டை) அழிப்பதில்லை. இதற்கு மட்டுமே கொடுத்த காசு தகும்.

(இதை நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி விற்கிறார்கள் என்பது வேறு விஷயம். இந்தப் பென் மாதிரி மோட்டார் சுற்றி ஊசியை ஆட்டுகிற ரோட்டரிதான் காயிலுக்கு அண்ணன். நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரெய்லி 1891-ல் காப்புரிமை வாங்கிய மெஷினே எடிசனின் மின்சாரப் பேனாவை ஒட்டியதுதான். எடிசன் அதைச் செய்தது காகிதத்தில் பொடி ஓட்டை போட்டு நகல் எடுக்க. பேனாவில் ஆரம்பித்தது சுற்றிவந்து பேனாவிலேயே நிற்கிறது.)

இப்போது அந்த ‘டிக்’.

க்ரிப்பை, அதாவது கையில் பிடிக்கிற பகுதியை, திருகினால் ஊசி கொஞ்சம் வெளியே வரும், எதிர்ப்பக்கம் திருகினால் உள்ளே போகும். ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு டிக். ஒரு டிக்குக்குக் கால் மில்லிமீட்டர். நானே வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். புதிதில் அந்தச் சத்தம் நல்ல பூட்டுக்குச் சாவி போட்ட மாதிரி இருந்தது. எட்டாவது மாதத்திலிருந்து நான் திருகாமலே கேட்க ஆரம்பித்தது. கையில் கிளவுஸ், கிளவுஸில் வாஸ்லைன், கோடு பாதி வந்திருக்கும். டிக். நிறுத்திப் பார்த்தால் ஊசி கூடுதலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கால் மில்லிமீட்டர்தானே என்று வெளியாள் கேட்கலாம். முன்கையில் மேல்தோல் ஒரு தாள் கனம்தான். மை உட்கார வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் உள்தோலில், ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குள். அதைத் தாண்டிக் கொழுப்பில் இறங்கினால் மைக்குப் பிடிமானம் கிடையாது. ஈரத் துணியில் பேனா வைத்த மாதிரி பரவும். அதைத்தான் ப்ளோஅவுட் என்கிறோம். மணிக்கட்டின் உள்பக்கம், முழங்கையின் உள்மடிப்பு போன்ற இடங்களில் கால் மில்லிமீட்டர் என்பது நல்ல வேலைக்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் இருக்கிற தூரம்.

மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். ஒரு அக்கா, மணிக்கட்டில் அவங்க அம்மா பெயர். நடுவில் ஒரு ‘ண்ண’. மூன்று வாரம் கழித்து வந்தார். இரண்டாவது ண-வின் சுழிக்கு வெளியே நீலமாக ஒரு நிழல். “அடிபட்ட மாதிரி இருக்குது தம்பி, போயிருமில்ல?” என்றார். “போகாதுங்கக்கா” என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது. பக்கத்தில் ஒரு சின்னக் கொடி போட்டு அந்த நிழலை இலைக்குள் ஒளித்தேன். காசு வாங்கவில்லை. அவர் சந்தோஷமாகத்தான் போனார். எனக்குத்தான் இன்னும் கொடி தெரிவதில்லை, நிழல்தான் தெரிகிறது.

அன்றைக்கே மெஷினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு நோட்டு போட்டேன்: வோல்டேஜ், எந்த ஊசி, எத்தனை டிக், உடம்பில் எந்த இடம். ஆறு வாரம் கழித்து ஆறிய பிறகு ஒரு போட்டோ, அதே பக்கத்தில் ஒட்ட. போட்ட அன்று எடுக்கிற போட்டோ கல்யாண ஆல்பம். வீக்கத்தில் எல்லாக் கோடும் கூர்மையாகத்தான் தெரியும். ஆறிய போட்டோவுக்காக ஆட்களை நச்சரித்து வாங்கினேன். அதில் பாதி வேலைகளின் கோணல் என்னுடையது, மெஷினுக்குச் சம்பந்தமே இல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் கோணல் என் இடது கை. போனை ஸ்டாண்டில் வைத்து வேலை செய்வதை வீடியோ எடுத்துப் பார்த்தால், கோடு ஆரம்பிக்கும்போது தோலை நன்றாக இழுத்துப் பிடிக்கிறேன், பாதியில் இடது கை சும்மா மேலே படுத்திருக்கிறது. தளர்ந்த தோலில் ஊசி குத்தாது, தோலை முதலில் அமுக்கும், அப்புறம் குத்தும். ஆழம் நம் கட்டுப்பாட்டில் இருக்காது, கோடும் நடுங்கும். இப்போது மூன்று பக்கம் இழுக்கிறேன்: இடது கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதிரெதிர்ப் பக்கம், மெஷின் பிடித்த கையின் சுண்டுவிரல் ஓரம் மூன்றாவது பக்கம். நாலு சென்டிமீட்டர் போனதும் நிறுத்தி, மறுபடி இழுத்துப் பிடித்துவிட்டுத்தான் அடுத்த நாலு. கிளவுஸ் வழுக்கினால் விரலுக்கடியில் ஒரு டிஷ்யூ.

இரண்டாவது, வேகம். காயிலில் சத்தம் மாறும், கை தானாக மெதுவாகும். பென் ஊமை. அதனால் கணக்குப் போட வேண்டியதாயிற்று. மெஷின் நொடிக்கு 100 தடவை குத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கை நொடிக்கு 2 சென்டிமீட்டர் நகர்ந்தால் குத்துக்கும் குத்துக்கும் 0.2 மில்லிமீட்டர், 0.35 மில்லிமீட்டர் கனமுள்ள ஒற்றை ஊசிக்குக் கோடு விடாமல் வரும். அதே கை 5 சென்டிமீட்டர் ஓடினால் இடைவெளி அரை மில்லிமீட்டர். கோடு இல்லை, புள்ளிக் கோலம். வோல்டேஜைக் கூட்டினால் கையும் ஓடலாம், குறைத்தால் கையும் அடங்க வேண்டும். ‘லைனுக்கு எத்தனை வோல்ட் அண்ணா’ என்று கேட்கிறவர்களுக்கு என் நம்பர் உதவாது, என் 7.5 அவர்கள் மெஷினில் வேறு ஆளாக இருக்கும். பப்ளிமாஸ் பழத்திலோ ப்ராக்டீஸ் தோலிலோ (பழகுவதற்கான செயற்கைத் தோல்) பத்து கோடு இழுத்துப் பார்த்தால் கைக்கே தெரிந்துவிடும்.

துடைப்பது மூன்றாவது. சமையல் மேடை துடைக்கிற மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தேன். தோல் சிவந்து தடித்துவிட்டால் அதன்மேல் ஆழம் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிற கதை. இப்போது ஒற்றி எடுப்பதோடு சரி. ஸ்டென்சில் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: ஒட்டியதும் கை பரபரக்கும், 15 நிமிடம் காய விட்டு டீ குடித்துவிட்டு வரவும். வலது கைக்காரர்கள் கீழே வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் கை படாது.

நம் தோல் நிறத்துக்கு இன்னொன்று உண்டு. வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு மெல்லிசான கிரே வாஷ் (தண்ணீர் கலந்து வெளிறவைத்த கறுப்பு மை) போட்டால் ஆறிய பிறகு காணாமல் போகும். நிறமி மேல்தோலில், மை அதற்கடியில். மாநிறக் கண்ணாடி வழியாகத்தான் மையைப் பார்க்கிறோம். கறுப்பை நல்ல கறுப்பாக வைத்து, வெளிச்சம் வேண்டிய இடத்தில் தோலையே விட்டுவிடுவது மேல். என் பாட்டி கையில் குறவர் பெண்மணி குத்திவிட்ட கோலம் அப்படித்தான் இருந்தது: புள்ளி, கோடு, நடுவில் நிறைய வெறும் தோல். அறுபது வருடத்தில் கோடு விரிந்து பச்சையாகிவிட்டது, ஆனாலும் என்ன கோலம் என்று கடைசிவரை தெரிந்தது. தமிழ் எழுத்துக்கும் இது பொருந்தும். ண, ழ, ஞ எல்லாம் சுழிக்குள் சுழி. ஆள் அழகாகக் குட்டியாகக் கேட்பார்கள். கோடு காலப்போக்கில் விரியும், சுழி அடைபடும். பெரிதாகப் போடலாம் என்று நான் வாதாடித் தோற்ற நாட்கள் உண்டு.

இத்தனையும் திருத்திய பிறகும் நோட்டில் ஒரு கணக்கு உதைத்தது. ப்ளோஅவுட் வந்தவை பெரும்பாலும் தமிழ் எழுத்துகள். ஆங்கிலப் பெயர், ரோமன் எண், அம்புக்குறி எல்லாம் சுத்தமாக ஆறியிருக்கின்றன. ஒருநாள் ராத்திரி கடையை மூடிவிட்டு, பிராக்டீஸ் தோலில் ‘ண’ எழுதிக்கொண்டே இருந்தேன். ஏழாவது ண-வில் டிக். அப்போதுதான் புரிந்தது. சுழி போடும்போது பேனாவை விரலுக்குள் லேசாக உருட்டுகிறேன். நேர்க்கோட்டில் உருட்டுவதில்லை. நான் உருட்டுகிற ஒவ்வொரு தடவையும் க்ரிப் ஒரு மயிரிழை நகர்ந்து, எங்கோ ஒரு சுழியில் அடுத்த டிக்குக்கு விழுகிறது. இதை வடிவமைத்தவர் வாழ்நாளில் ஒரு ண எழுதியிருக்க மாட்டார்.

காயிலில் ஊசி போகிற ட்யூபை ஒருமுறை முறுக்கி வைத்தால் சாயங்காலம் வரை அசையாது. அதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து இதை வாங்கினேன் என்று நினைத்தால் இப்போதும் எரிகிறது.

ஒட்டும் பேண்டேஜை க்ரிப்பும் மெஷினும் சேருகிற இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு வருடம் ஓட்டினேன். வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் பிரித்து, புதிதாகச் சுற்றி, நடுவில் ஆழம் மாற்ற வேண்டுமென்றால் மறுபடி பிரித்து. போன மாதம் அதுவும் நிற்காமல் க்ரிப் லொடலொடவென்று ஆனது. விற்றவர்களிடம் கேட்டால் மெஷினையே அனுப்பு, ஆறு வாரம் என்றார்கள். ஆறு வாரம் நான் என்ன மெகந்தியா போடுவது?

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. பம்புசெட் மோட்டார்களுக்கு நடுவில் என் பேனாவை நீட்டினேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு க்ரிப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம், ஓ-ரிங். அந்த ரிங்கின் இறுக்கத்தில்தான் க்ரிப் நிற்கிறதாம். நகத்தால் கிள்ளினார், கருவேப்பிலைக் காம்பு மாதிரி ஒடிந்தது.

“இது வெந்து போச்சுங்க. குக்கர்ல போட்டீங்களா?”

கிட்டத்தட்ட அதுதான். ஒவ்வொரு ஆளுக்கும் பிறகு க்ரிப்பை ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி கொல்கிற பெட்டி) போடுகிறேன்: 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம். க்ரிப்பை ஆட்டோகிளேவ் செய்யலாம் என்று கூட வந்த தாளில் தெளிவாக இருக்கிறது. முன்னால் ரிங்கைக் கழற்று என்று ஒரு வார்த்தை இல்லை. ரிங் என்று ஒன்று இருப்பதாகவே இல்லை. நான்தான் ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்திருக்க வேண்டும், அது சரி. ஆனால் ஆட்டோகிளேவை விட முடியாது. டாட்டூ போட்டவரிடம் நம் ஊரில் 12 மாதத்துக்கு ரத்த தானம் வாங்க மாட்டார்கள். ஊசி வழியாக நோய் தொற்றியிருக்குமோ என்ற அந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை.

பெரியவர் டப்பாவைக் குலுக்கி, சிவப்பு சிலிக்கான் ரிங் ஒன்றை எடுத்து மாட்டினார். சூட்டுக்குத் தாங்கும் என்றார். ஐந்து ரூபாய். கூலி கேட்டதற்குக் கையை ஆட்டிவிட்டு, “என்னத்தைக் குத்துவீங்க இதுல?” என்று தன் முன்கையைத் திருப்பிக் காட்டினார். மங்கிப்போன ஒரு தேள், எந்தத் திருவிழாவிலோ போட்டது. கோடு பரவித் தேள் நண்டாகியிருந்தது.

கடைக்கு வந்து ஐம்பது ண எழுதினேன். ஒரு டிக் இல்லை. சாயங்காலம் ஒரு பையனுக்கு முழங்கையின் உள்பக்கம் இரண்டு வரி போட்டேன். பேண்டேஜ் சுற்றாத க்ரிப் கையில் எவ்வளவு மெலிசு என்பதே மறந்திருந்தது. எட்டு வருடக் காயிலிலும் அப்படி ஒரு கோடு இழுத்ததாக ஞாபகம் இல்லை.

அதனால் தம்பி, நீ கேட்டதற்குப் பதில்: வாங்காதே. விலை இன்னும் இறங்கினாலும் வாங்காதே. ஐந்து ரூபாய் ரப்பரை ஒழுங்காகப் போடத் தெரியாதவனுக்கு உன் காசு எதற்கு? அந்த அக்காவின் மணிக்கட்டை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அப்படியும் வாங்குவதாக இருந்தால், பிரிப்பதற்கு முன்னால் கோயம்புத்தூர் வந்துவிட்டுப் போ. பெரியவரிடம் பத்து ரிங் வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கு இரண்டு போதும்.