பாய்வுப்படமா, இபிசியா, பிபிஎம்என்னா: ஒரே கொள்முதலை மூன்று விதமாக வரைந்தால்

பாய்வுப்படம் (ஃப்ளோசார்ட்), இபிசி (ஈவென்ட்-டிரிவன் பிராசஸ் செயின்), பிபிஎம்என் (பிசினஸ் பிராசஸ் மாடல் அண்ட் நொட்டேஷன்) ஆகிய மூன்றும் வேலை நடக்கும் விதத்தைப் படமாக்கும் முறைகள். இவற்றை ஒப்பிட, அவற்றின் சின்னங்களை அடுக்கிப் பார்ப்பதைவிட, ஒரே வேலையை ஒவ்வொன்றிலும் வரைந்து பார்ப்பது மேல். ஒரு நூற்பாலைக்கு உதிரிபாகம் வாங்குவதை எடுத்துக்கொள்வோம். உற்பத்திப் பிரிவு இண்டென்ட் (தேவைச் சீட்டு) போடுகிறது. கொள்முதல் பிரிவு பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புகிறது. சரக்கு வந்ததும் ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்து ஜிஆர்என் (சரக்கு பெற்றதற்கான சீட்டு) போடுகிறார்கள். ஆர்டர், ஜிஆர்என், இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால் கணக்குப் பிரிவு பணம் கொடுக்கிறது.

மூன்றில் மூத்தது பாய்வுப்படம். பிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முன்வைத்த செயல்முறை வரைபடம் இதற்கு முன்னோடி. சின்னங்களை வரையறுக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 5807 வெளிவந்தது 1985இல். செவ்வகம், சாய்சதுரம், அம்பு என்பதால் யாருக்கும் உடனே புரியும். ஆனால் இந்த எளிய சின்னங்களில் காத்திருப்பைக் காட்ட எதுவும் இல்லை. ‘சரக்கு வந்ததா?’ என்று சாய்சதுரம் போட்டு, ‘இல்லை’ என்ற அம்பை அதற்கே திருப்பிவிடுகிறோம். எழுத்துக்கு எழுத்து படித்தால், ஸ்டோர்ஸ்காரர் நாள் முழுவதும் வாசலுக்கு ஓடி ஓடிப் பார்க்கிறார் என்றுதான் அதற்குப் பொருள்!

இபிசி 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்தில், ஆகஸ்ட்-வில்ஹெல்ம் ஷேரின் குழுவில் உருவானது. நிறுவன நிர்வாகத்துக்கான எஸ்ஏபி மென்பொருளின் செயல்முறைகளை விவரிக்கப் பயன்பட்டுப் பரவியது. ‘இண்டென்ட் வந்தது’ என்ற நிகழ்வுக்கு அறுகோணம், ‘ஆர்டர் தயாரித்தல்’ என்ற செயலுக்கு முனை மழுங்கிய செவ்வகம், மீண்டும் ஓர் அறுகோணம் என்று படம் நீண்டுகொண்டே போகும். நான்கு பேர் வேலைக்கே ஒரு பக்கம் போதாது. ஆயினும் இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: நிகழ்வு முடிவெடுக்காது, ஆகவே நிகழ்வை ஒட்டி ‘இதுவா அதுவா’ என்று பாதையைப் பிரிக்கக்கூடாது. ‘சரக்கு வந்தது’ என்பதிலிருந்து நேரே ‘சரியாக இருக்கிறது’, ‘குறைகிறது’ என்று கிளை பிரிக்க முடியாது. நடுவில் ‘எண்ணிப் பார்த்தல்’ வந்தே தீரவேண்டும். யார் எண்ணுகிறார்கள் என்ற கேள்வி அங்கேதான் கிளம்புகிறது.

பிபிஎம்என் 2004இல் வெளிவந்து, 2011இல் 2.0 பதிப்பைக் கண்டு, 2013இல் ஐஎஸ்ஓ தரமும் ஆனது. பாய்வுப்படம் தடுமாறிய இடத்தை இது நேராகவே கையாள்கிறது. ஆர்டர் போனபின் நிகழ்வுசார் கேட்வே (பாதை பிரியும் சாய்சதுரச் சின்னம்) ஒன்றை வைத்து, ஒரு பக்கம் சரக்கு வருகையையும் மறுபக்கம் ஏழு நாள் கெடுவைக் குறிக்கும் கடிகாரச் சின்னத்தையும் இணைத்துவிட்டால், எது முதலில் நிகழ்கிறதோ அந்த வழியில் வேலை நகரும். கெடு முந்தினால் சப்ளையருக்கு நினைவூட்டல் போகும். சப்ளையர் தனிக் கட்டத்தில் இருப்பார். அவரோடு நமக்குள்ள தொடர்பைச் செய்தியைக் குறிக்கும் விட்டுவிட்டு வரும் கோட்டால் மட்டுமே காட்டலாம், ஏனெனில் அவர் அலுவலக வேலைக்கு நாம் வரிசை வகுக்க முடியாது.

சின்னங்கள் மிகுதி என்பதே இதன் மீதான குறை. பணி, இரண்டு மூன்று கேட்வே, செய்தி, கடிகாரம் இவற்றோடு நிறுத்திக்கொண்டாலே பெரும்பாலான அலுவலக வேலைகளை வரைந்துவிடலாம் என்பது என் கணிப்பு. படத்தை மென்பொருளே எடுத்து இயக்க வேண்டுமென்றால் பிபிஎம்என்னைத்தான் தேர்வேன். எஸ்ஏபி ஆவணங்கள் ஏற்கெனவே இபிசியில் இருக்குமானால் மாற்றி வரையமாட்டேன். ஸ்டோர்ஸ் சுவரில் ஒட்டுவதற்கோ, பிரிவுக்கு ஒரு நெடுவரிசையாகப் பிரித்த பாய்வுப்படம் போதும். கடிகாரச் சின்னத்துக்குப் பதில் ‘ஏழு நாள் ஆனால் கொள்முதல் பிரிவுக்குச் சொல்லவும்’ என்று எழுதிவிடலாம்.