அலுமாரியா, பொதியா, கடைத் துண்டா? மழை மாதத்தை வைத்துப் பார்ப்போம்

ஊரில் இலவசமாகச் சாமான் கொடுக்கிற ஒரு இடம் தொடங்குவோம் என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நாலு பேர் கூடிப் பேசினால், பேச்சு உடனே ‘தேவையில்லாதவனும் வந்து அள்ளிக்கொண்டு போவானே’ என்பதில் போய் நிற்கும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. கார்த்திகை, மார்கழியில் அந்த இடத்துத் தட்டில் என்ன இருக்கும்? பெரும்போக விதைப்பு முடிந்திருக்கும், அறுவடைக்கு மாசி வரை காத்திருக்க வேண்டும், கடல் கொந்தளிப்பில் தோணி இறங்காது, மழையில் மேசன் வேலையும் நின்றுவிடும். கூலிக்குப் போகிற வீடுகளில் அடுப்பு தடுமாறுகிற காலம் அதுதான். அதனால் வீதியோர அலுமாரி, உலர் உணவுப் பொதி, சமைத்த சாப்பாடு, கடையில் கொடுத்துச் சாமான் வாங்குகிற துண்டு என்ற நாலு முறையில் எது நல்லது என்பதை அந்த மாதங்களை வைத்தே பார்க்கிறேன், திறப்பு விழா நாளை வைத்து அல்ல.

முதலில் வீதியோர அலுமாரி. இயன்றதை வை, வேண்டியதை எடு, யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. 2016இல் அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து ஃபயட்வில் ஊரில் ஜெசிக்கா மெக்கிளார்ட் என்ற பெண் ஒரு சின்ன மரப்பெட்டியோடு இதைத் தொடங்கினார். 2021 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் கேசோன் நகரத்தில், மாகின்ஹவா வீதியில் அனா பட்ரீசியா நொன் ஒரு மூங்கில் வண்டிலில் அரிசியும் மரக்கறியும் வைக்க, கொஞ்ச நாளிலேயே நாடு முழுக்க அதே மாதிரி வண்டில்கள் வந்துவிட்டன. அழகான முறை, செலவும் குறைவு.

ஆனால் எங்கள் மழைக்கு அந்தப் பெட்டி தாங்காது. பிளைவூட் ஊதிக் கதவு மூடாமல் போகும், சீனிப் பையில் எறும்பு ஏறும், அரிசியில் வண்டு பிடிக்கும், எலி வரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் இன்னும் மோசம். வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களில் நெல்லையும் அரிசியையும் தேடி யானை வீட்டுச் சுவரையே உடைக்கிறது. அங்கே வீதியோரத்தில் அரிசி வைப்பது அக்கம்பக்கத்து வீடுகளின் உயிரோடு விளையாடுகிற வேலை, செய்யவே கூடாது. இன்னொன்று, யாரும் பார்க்காமல் எடுக்கலாம் என்று சொல்வது பெரிய நகரத்துக்குச் சரி. ஒழுங்கைக்குள் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாக இருக்கிற ஊரில், எதிர்வீட்டு மதிலுக்கு மேலால் ஒரு பார்வை எப்போதும் இருக்கும்.

அடுத்தது உலர் உணவுப் பொதி. நமக்கு நன்றாகப் பழகிய முறை, சுனாமிக்குப் பிறகும் 2022 பொருளாதார நெருக்கடியிலும் பார்த்தது. கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்ட 2022 செப்டம்பரில் இந்தப் பொதிகள் இல்லாவிட்டால் எத்தனையோ வீடு பட்டினி. அவசரத்துக்கு இதைவிட வேகமானது கிடையாது. கிராம சேவகரிடம் பெயர்ப் பட்டியல், மொத்தக் கடையில் சாமான், ஒரு பின்னேரத்தில் கட்டி முடிக்கலாம்.

ஆனால் வருடம் முழுக்க நடத்துவதற்கு எனக்கு இது பிடிக்கவில்லை, காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவருக்குக் காட்டப் படம் வேண்டும். பொதியின் ஒரு மூலையைக் கொடுப்பவர் பிடித்துக் கமராவைப் பார்ப்பார், மற்ற மூலையைப் பிடித்திருக்கிற அம்மா தலையைக் குனிந்து நிலத்தைப் பார்ப்பார். அந்தப் படம் முகநூலில் ஏறிய பிறகு அவருடைய பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக வேண்டும். சாமானும் பொருந்தாது. புழுங்கல் சாப்பிடுகிற வீட்டுக்குப் பச்சையரிசி வரும், சீனி வருத்தக்காரருக்கு இரண்டு கிலோ சீனி வரும், குழந்தைக்கு வேண்டிய பால்மா வராது. வந்ததைக் கடையில் பாதி விலைக்கு விற்பவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அவர்களுக்கு வேண்டியது வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

சமைத்த சாப்பாட்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தில் சனம் பள்ளிக்கூடத்தில் தங்கும்போது இதை விட்டால் வழியில்லை. மற்ற நாளில் விறகு, ஆள், பெரிய கிடாரம் என்று தினசரிச் செலவு. வெயில் 32 பாகைக்கு மேல் ஏறினால் சமைத்த சோறு, கறி வெளியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் சித்திரை வெயிலில் பார்சலைக் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய் முடிக்க அந்த நேரம் போதாது.

நான் நிற்பது கடைத் துண்டின் பக்கம். ஊரில் ஏற்கெனவே இருக்கிற பலசரக்குக் கடையோடு பேசி, ஆயிரம் ரூபாய்த் துண்டுகள் அடித்து, பெயரில்லாமல் இலக்கம் மட்டும் போட்டுக் கொடுப்பது. வாங்க வருகிறவர் மற்றவர்களோடு நின்று, தன் வீட்டுக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்குவார். சாமானைக் காப்பது கடைக்காரரின் பொறுப்பு, வண்டும் எலியும் நம் தலையில் இல்லை. ஆரையம்பதி, காத்தான்குடி மாதிரித் தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இடங்களில் இரண்டு சனமும் தயங்காமல் போகிற இடமும் கடைதான். எந்த வீட்டில் சாப்பாடு குறைகிறது என்பதைப் பட்டியல் போடுகிறவரைவிடக் கடைக்காரரின் கடன் கொப்பி முந்திச் சொல்லும்.

அந்தக் கொப்பிதான் ஆபத்தும். துண்டைக் கொண்டு போகும் பிள்ளையிடம் ‘அம்மாட பழைய கணக்கில கழிச்சிட்டன்’ என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினால் எல்லாம் வீண். துண்டுக்குச் சாமான்தான், கடனில் கழிக்கக் கூடாது, சிகரெட் கொடுக்கக் கூடாது, மற்றவருக்கு விற்கிற விலைதான் இவருக்கும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு கடையை மட்டும் நம்பாமல் இரண்டு கடையோடு பேசுங்கள்.

துண்டில் ஒரு குறை இருக்கிறது. காசு உள்ளவர்தான் கொடுக்க முடியும். நாலு தேங்காயும் ஒரு கட்டு முருங்கைக்காயும் கொடுக்க நினைக்கிற ஆச்சிக்கு இடமில்லை. அதற்குக் கடை விறாந்தையில் ஒரு தட்டு போதும், காலையில் வைத்துப் பின்னேரம் காலியாக்கிவிட வேண்டும்.

இனி, துண்டோடு சேர்த்து மழை மாதத்தில் கொடுக்க வேண்டிய அரிசி. நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம்கள் தர்மமாகக் கொடுக்கிற பித்ரா அரிசி ஆளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ என்று சேரும், ஆனால் அது பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்து முடிக்க வேண்டியது, மழை மாதத்துக்கு எடுத்து வைக்க முடியாது. எடுத்து வைக்கக் கூடியது நெல். மாசி, பங்குனியில் வெட்டு நடக்கும்போதே பெரிய வயற்காரரான போடியார்மாரிடம் கேட்டு வாங்க வேண்டும். மெசின் வெட்டிய ஈர நெல்லை அப்படியே கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கும் வரை காயவைத்து, சீமெந்துத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, கார்த்திகையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மில்லுக்கு அனுப்பலாம். நெல்லாக இருக்கும்வரை அரிசியைவிட நன்றாகத் தாங்கும்.

கணக்கைப் பாருங்கள். முப்பது வீடு, கிழமைக்கு ஐந்து கிலோ, பன்னிரண்டு கிழமை என்றால் 1,800 கிலோ அரிசி. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 20 கிலோ, அதில் 13 கிலோ அரிசி வரும் என்று வைத்தால் 140 புசல் வேண்டும். எழுபது வயற்காரர் ஆளுக்கு இரண்டு புசல் கொடுத்தால் முடிகிற காரியம். நாற்பது பேர்தான் கொடுத்தார்கள் என்றால் பதினேழு வீட்டோடு தொடங்குங்கள். முப்பது வீட்டுக்குச் சொல்லிவிட்டு மார்கழி நடுவில் கைவிரிக்க வேண்டாம்.