சவ்வூடு பரவல் சோதனைப் பெட்டி: சாமான் தரம், கையேடு சொதப்பல்

சவ்வின் வழியே தண்ணீர் செறிவு மிகுந்த பக்கத்துக்கு நகர்வதுதான் சவ்வூடு பரவல்; அதைச் செய்துகாட்டும் பெட்டி இது. உள்ளே இருப்பவை: டயாலிசிஸ் குழாய் (நுண்துளைகள் கொண்ட மெல்லிய சவ்வுக் குழாய்), கிளிப்புகள், சுக்ரோஸ் (சர்க்கரை), உப்பு, ஸ்டார்ச், அயோடின், உருளைக்கிழங்கு துளைப்பான், ஸ்லைடுகள், கையடக்கத் தராசு. மேல்நிலை உயிரியலுக்கு இவ்வளவு போதும். குறை சாமானில் இல்லை, கூடவே வரும் கையேட்டில்தான்.

குழாய் நல்ல ரகம். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து விரல்களுக்கிடையே தேய்த்தால் வாய் திறந்துவிடும். நுனியை இரண்டு மடிப்பு மடித்த பிறகே கிளிப் போடுங்கள். ஒற்றை மடிப்பில் கசியும். இப்படிக் கட்டிய பையில் சுக்ரோஸ் கரைசலைப் பாதிக்குமேல் ஊற்றவேண்டாம். பையைத் தண்ணீரில் போட்டதும் உள்ளே வரும் தண்ணீருக்கு இடம் வேண்டும்.

"சுக்ரோஸ் சவ்வைத் தாண்டாது" என்கிறது கையேடு. தவறு. இந்தக் குழாய் தடுப்பது சுமார் 12,000–14,000 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகளை. சுக்ரோஸ் வெறும் 342. தண்ணீர் அதைவிட வேகமாக நுழைவதால் முதலில் பை கனக்கிறது, அவ்வளவுதான். இரவு முழுக்க விட்டால் சர்க்கரை வெளியேறி எடை திரும்பக் குறையும். சோதனையே தோற்றுவிட்டதென்று மாணவர் நினைப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈரம் ஒற்றி எடுத்து எடை போட்டு, ஒரு மணி நேரத்தில் நிறுத்துங்கள். ஸ்டார்ச் மட்டும் உண்மையிலேயே உள்ளே தங்கும்; வெளியிலிருந்து அயோடின் புகுந்து பை கருநீலமாவது அழகான காட்சி.

அடுத்த பிழை இன்னும் மோசம்: 1 மோலார் கரைசலுக்கு (அதாவது 1 லிட்டர் கரைசலில் 342 கிராம் சுக்ரோஸ்) அந்த 342 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் போடச் சொல்கிறார்கள். சர்க்கரையும் இடம் பிடிக்குமே! மொத்தம் ஏறத்தாழ 1.2 லிட்டராகி, செறிவு சுமார் 0.83 மோலாருக்கு இறங்கிவிடும். 600 மில்லியில் கரைத்துவிட்டு, பிறகு 1 லிட்டர் கோடுவரை நிரப்புவதே முறை. இல்லையென்றால், உருளைக்கிழங்குத் துண்டுகளை வெவ்வேறு செறிவுக் கரைசல்களில் ஊறவைக்கும் சோதனையில் கிழங்கின் எடை மாறாத புள்ளியே (பெரும்பாலும் 0.2–0.4 மோலாருக்குள் விழும்) தள்ளிப்போகும்.

தராசு 0.1 கிராம் வரைதான் காட்டும். 4 செ.மீ. நீளம், 8 மி.மீ. விட்டமுள்ள கிழங்குத் துண்டு சுமார் 2 கிராம், அதில் 0.1 என்பது 5 சதவீதம். ஐந்து துண்டுகளைச் சேர்த்து எடை போட்டால் சமாளிக்கலாம்.

பிளாஸ்மா சிதைவைப் (தண்ணீர் வெளியேறி செல்லின் உட்பகுதி சுவரைவிட்டுச் சுருங்குவது) பார்க்க வெங்காயத்தின் உட்புறத் தோலை உரிக்கச் சொல்கிறார்கள். சுலபமாக வரும், ஆனால் நிறமே இருக்காது. சிவப்பு வெங்காயச் செதிளின் வெளிப்புறத் தோலை எடுங்கள். 5 சதவீத உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஊதா நிறம் செல் சுவரைவிட்டு விலகிச் சுருங்குவது தெளிவாகத் தெரியும். தண்ணீர் விட்டுக் கழுவினால் திரும்ப விரியும். கையேட்டிலுள்ள 10 சதவீதத்தில் நிறைய செல்கள் செத்துப்போய் மீளாது.

கையேட்டு அட்டவணையில் "300 மில்லி ஆஸ்மோல் (கரைந்துள்ள துகள்களின் மொத்தச் செறிவு) என்றாலே ஐசோடானிக் (செல் வீங்கவோ சுருங்கவோ செய்யாத கரைசல்)" என்றிருப்பதை அடித்துவிடுங்கள். 0.9 சதவீத உப்புக் கரைசலுக்குப் பொருந்தும். அதே அளவு யூரியா கரைசலில் சிவப்பணு வெடித்துவிடும்: யூரியா சவ்வைக் கடந்து உள்ளே போக, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. டானிசிட்டியை, அதாவது கரைசலில் செல் வீங்குமா சுருங்குமா என்பதை, தீர்மானிப்பது சவ்வைத் தாண்டாத பொருள் மட்டுமே.

நனைத்த குழாயில் மீதியைக் காயவிடாதீர்கள், நொறுங்கும்.