பட்டாசலுக்குக் கலவை, பாத்ரூமுக்குப் பேஸ்ட்: டைல்ஸ் வேலையில் எது எங்கே சரிவரும்?

டைல்ஸ் கடையில் நிறமும் டிசைனும் பார்க்க மூன்று நாள் அலைகிறோம், அந்த டைல்ஸுக்கு அடியில் என்ன போகப்போகிறது என்று கேட்க மூன்று நிமிஷம் ஒதுக்குவதில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அக்கா வீட்டில் எல்லா அறையிலும் சிமெண்ட் கலவையில் போட்டோம். அதற்கு மூன்று வருஷம் கழித்து பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் பாதி கலவை, பாதி பேஸ்ட், அதாவது மூட்டையில் வரும் டைல்ஸ் ஒட்டும் பசை. இரண்டு வீட்டு வேலையையும் கூடவே நின்று பார்த்திருக்கிறேன், இரண்டு தரையையும் இன்றுவரை மிதித்துப் புழங்குகிறேன். எது நல்லது என்று கேட்டால் எந்த அறைக்கு என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

கலவைக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அது மட்டம். கீழ்த்தளத்தில் கான்கிரீட் போடும்போது யாரும் ரசமட்டம் பிடித்துக்கொண்டு போடுவதில்லை. ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் ஒரு அங்குலம் ஏற்ற இறக்கம் சாதாரணமாக இருக்கும். ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் கலவை போடும்போது அது அத்தனையும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பேஸ்ட் மூன்றிலிருந்து ஆறு மில்லிமீட்டர் கனத்தில் நிற்க வேண்டிய பொருள், பள்ளத்தை நிரப்ப அதைப் பயன்படுத்தினால் காசும் கரி, வேலையும் கெடும். அதனால் பட்டாசல் (ஹால்) மாதிரி பெரிய கீழ்த்தள அறைக்கு, இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் என்றால், நல்ல கொத்தனார் கையில் கலவையே போதும் என்பது என் முடிவு. ஒரு நிபந்தனை, மேலே சிமெண்ட் பாலை டைல்ஸ் வைக்கும் இடத்துக்கு மட்டும் அவ்வப்போது ஊற்ற வேண்டும். அறை முழுக்க ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போய்வந்தால் அது நம் வெயிலில் இழுத்துவிடும், அப்புறம் எதைத் தட்டி வைத்தாலும் பிடிக்காது.

மாடிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. இரண்டு அங்குலக் கலவை சதுர அடிக்கு ஏறக்குறைய பத்து கிலோ. நூறு சதுர அடி அறை ஒன்றில் ஒரு டன் ஏற்றுகிறோம். பேஸ்ட் என்றால் சதுர அடிக்கு ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். பழைய வீட்டில் காவித் தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்ட நினைப்பவர்களுக்கும் பேஸ்ட்தான் வழி, டைல்ஸோடு சேர்த்து அரை அங்குலத்துக்குச் சற்று மேலேதான் தரை உயரும், கதவு எல்லாவற்றையும் அடியில் பெரிதாக அறுக்க வேண்டியிருக்காது. ஆனால் காவித் தரை வழவழப்பாக இருக்கும், அதை நன்றாகக் கொத்திவிட்டு, தட்டிப் பார்த்துப் பொள்ளல் இருக்கும் இடத்தை உடைத்துப் பூசிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

சுவருக்குப் போவோம், என் மனசு ஆறாத இடம் இதுதான். அக்கா வீட்டு பாத்ரூம் சுவரில் விட்ரிஃபைடு, அதாவது கண்ணாடி மாதிரி இறுகச் சுட்ட டைல்ஸ் வேண்டும் என்று வாங்கினோம். "அண்ணாச்சி, ராத்திரி முழுக்க தண்ணில ஊறப் போட்டுட்டா சிமெண்டே பிடிச்சுக்கிடும்" என்றார் வேலைக்கு வந்தவர். அவர் பழகிய சுவர் டைல்ஸுக்கு அது உண்மை. சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும், ஊறப் போடாவிட்டால் கலவையில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி சிமெண்டை இறுக விடாமல் செய்துவிடும். விட்ரிஃபைடு அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காது. ஒரு வாரம் ஊறப் போட்டாலும் ஒன்றுதான், சிமெண்ட் கவ்விக்கொள்ள அதன் முதுகில் துளை இல்லை. இரண்டாவது வருஷக் கோடையில் ஷவருக்குப் பக்கத்தில் மூன்று டைல்ஸ் உப்பி, ஒன்று கழன்று விழுந்தது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. அத்தான் அதே டிசைனுக்குக் கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை, வேறு நிறத்தில்தான் ஒட்டி வைத்திருக்கிறோம்.

எனவே சுவரில் விட்ரிஃபைடு என்றாலும் சரி, நாலுக்கு ரெண்டு மாதிரி பெரிய டைல்ஸ் எங்கே போட்டாலும் சரி, பேஸ்ட்தான், இதில் பேரமே வேண்டாம். மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண்ணும், எந்த டைப் என்பதும் அச்சிட்டிருக்கும், கடைக்காரர் வாயால் சொல்வதைவிட அதைப் படியுங்கள்.

ஆனால் பேஸ்ட் வாங்கிக் கொடுத்துவிட்டால் மட்டும் வேலை நடந்துவிடாது. பொட்டுப் பொட்டாக ஐந்து இடத்தில் வைத்து அமுக்குவதைப் பல இடங்களில் பார்க்கிறேன், பார்க்கும்போதே பதறுகிறது. மூலையெல்லாம் காற்றுதான் இருக்கும். பின்னால் ஹேங்கர் மாட்ட டிரில் போட்டாலோ தரையில் கட்டில் கால் உட்கார்ந்தாலோ அங்கேதான் கீறல் விழும். பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் இழுத்து, பெரிய டைல்ஸ் என்றால் அதன் முதுகிலும் ஒரு பூச்சு கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிய ஐந்து நிமிஷத்தில் ஒன்றைப் பெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள். அறைத் தரையில் எண்பது சதவீதமாவது, பாத்ரூமில் தொண்ணூற்றைந்து சதவீதம் முதுகில் பேஸ்ட் ஒட்டியிருக்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் வேலை நடந்தால் இன்னும் கவனம், இழுத்துவிட்ட பேஸ்ட் சீக்கிரமே மேலே ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். எங்கள் வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டித்தான் வேலை செய்தார்கள்.

கூலி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டாசலும் படுக்கையறையும் சதுர அடிக் கூலிக்கு விடலாம், பாத்ரூமை நாள் கூலிக்கு விடுங்கள். சாய்மானம் பார்ப்பதும், வாட்டர் புரூஃப் பூசி ஒரு நாள் முழுக்க தண்ணீர் கட்டிப் பார்ப்பதும் அவசரப்படுகிற கைக்கு வராது.

இடைவெளி நிரப்புவதிலும் இரண்டு கட்சி. சாதா சிமெண்ட் கிரௌட் மலிவு, எபாக்ஸி என்கிற ரெசின் கிரௌட் பல மடங்கு விலை. இடைவெளியே வேண்டாம், சேர்த்து ஒட்டினால்தான் அழகு என்று சொல்லும் மூன்றாவது கட்சியின் பேச்சைக் கேட்காதீர்கள். நம் வெயிலில் டைல்ஸ் விரியும், விரிய இடமில்லாவிட்டால் கூடாரம் மாதிரி எழும்பிவிடும், இரண்டு மில்லிமீட்டராவது விட வேண்டும். போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் வெள்ளையாக உப்புப் படியும், அதற்கு ஆசிட் ஊற்றுவார்கள், ஆசிட் உப்போடு சேர்த்து சிமெண்ட் கிரௌட்டையும் தின்றுவிடும், அந்த வழியாக ஈரம் உள்ளே இறங்கும். பாத்ரூமுக்கும் அடுக்களைக்கும் எபாக்ஸி போடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அக்கா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. சகதியை அள்ளிக் கழுவிய பிறகு, எபாக்ஸி போட்டிருந்த அடுக்களைத் தரை பழைய மாதிரி ஆனது, சிமெண்ட் கிரௌட் போட்ட பட்டாசலில் கோடெல்லாம் செம்மண் நிறமாகவே நின்றுவிட்டது. அதே எபாக்ஸி வெயில் நேரே விழும் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் மஞ்சளடிக்கும், அங்கே பாலிமர் கலந்த சிமெண்ட் கிரௌட் போடுங்கள். எபாக்ஸி போடுகிறவர் கையோடு துடைத்துக்கொண்டே வருகிறாரா என்று கூடவே நின்று பாருங்கள். காய்ந்தபின் டைல்ஸ் மேல் படிந்த படலத்தை எடுப்பது பெரும்பாடு.

வேலை முடிந்ததும், சாமான் உள்ளே வருவதற்கு முன்னால், ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு டைல்ஸிலும் நாலு மூலையும் நடுவும் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று கேட்டால் அடியில் காலி என்று அர்த்தம், சாக்பீஸால் குறித்துவைத்து, பாக்கிக் கூலி கொடுக்கும் முன் மாற்றச் சொல்லுங்கள். வாங்கும்போதே வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட வாங்குவோம் இல்லையா, அதற்கு மேலும் ஒவ்வொரு டிசைனிலும் ஒரு பெட்டி எடுத்து வையுங்கள். பெட்டிமேல் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் இருக்கும், எல்லாப் பெட்டியிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் நாலு பெட்டி இருக்கிறது, ஈரம் படாமல் செங்குத்தாக நிறுத்தி, எந்த அறைக்கு உரியது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி வைத்திருக்கிறேன்.